பழைய மோட்டார் ஹோமின் வளைந்த பின்புற ஆர்ம்கள்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், பான்டியாக் நகரை இருப்பிடமாகக் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் கிளை ஒன்று 1973 முதல் 1978 வரை தயாரித்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோம், சமைக்கவும் உறங்கவும் வசதியுள்ள ஒரு சிறிய இல்லத்தைச் சக்கரங்களின்மேல் ஏற்றிச் செல்லும் வண்டிகளுள் அமைப்பினால் தனித்து நிற்பதாகும். மற்றத் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் லாரிக்கென்று செய்யப்பட்ட சேஸிஸை வாங்கி அதன்மேல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அடிச்சட்டம் முதல் கூரை வரை ஒரே திட்டமாக வகுக்கப்பட்ட இவ்வண்டி, ஓல்ட்ஸ்மொபில் டோரனாடோ காரின் 455 கன அங்குல எஞ்சினையும் முன்சக்கர இயக்கத்தையும் மேற்கொண்டது. அதனால் பின்புறத்துக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் தண்டும் வேண்டியதில்லை, குறுக்கே கிடக்கும் ஆக்ஸிலும் வேண்டியதில்லை என்றாகி, தளம் தரையை நோக்கித் தாழ்ந்து வந்தது. 23 அடி, 26 அடி என இரண்டு நீளங்களில் ஏறக்குறைய 13,000 வண்டிகள் வெளிவந்தபின் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று எஞ்சியுள்ள ஒவ்வொன்றும் ஐம்பது வயதை எட்டியோ நெருங்கியோ இருப்பது; அவற்றின் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்களைப் புதிதாகச் செய்து தர மூலத் தொழிற்சாலையில் எவரும் இல்லை. வளைந்த ஆர்மை நிமிர்த்தலாமா என்ற கேள்வி இந்த நிலைமையிலிருந்தே பிறக்கிறது. புதியது கடையில் கிடைக்குமானால் அதை எழுப்புவதற்கே ஒருவருக்கும் அவசியம் இராது.

ஆக்ஸில் இல்லாத அந்த இடத்தில் பொறியாளர்கள் அமைத்த ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். சட்டத்தில் உறுதியாகப் பொருத்திய ஒரு தாங்கியிலிருந்து முன்நோக்கி ஒரு ஆர்மும் பின்நோக்கி ஒரு ஆர்மும் புறப்பட்டு, ஒவ்வொன்றும் பின் (pin) எனப்படும் தடித்த தண்டு ஒன்றை அச்சாகக் கொண்டு ஏறி இறங்குகின்றன. இரண்டு ஆர்ம்களின் மேற்பகுதிகளுக்கிடையே படுத்த நிலையில் ஒரு காற்றுப் பை இருந்து, சக்கரம் மேலெழும்போது நசுங்கி, இரு சக்கரங்களின் சுமையையும் ஏற்றுக்கொள்கிறது. வண்டியின் பாரம் ஆர்மை மேல்நோக்கி வளைக்க முயல்வதோடு நிற்பதில்லை. சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் ஆர்மின் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருப்பதால், அதே பாரம் ஆர்மை முறுக்கவும் செய்கிறது. குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பும்போது, திசை மாறாத இந்த இரட்டைச் சக்கரங்களுள் ஒன்று உள்ளேயும் மற்றொன்று வெளியேயும் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருப்பதால், மூன்றாவதான ஒரு பலமும் ஆர்மின்மேல் வந்து சேர்கிறது. இவ்வளவையும் ஓயாமல் தாங்கும் உறுப்பு, ஒருநாள் நடைபாதை ஓரக் கல்லில் மோதினாலோ, ஆழமான குழியில் விழுந்தாலோ, உரிமையாளர் அளவுக்கு மீறிச் சாமான்களை ஏற்றிப் பல்லாண்டு ஓட்டினாலோ, தன் வடிவத்தை இழந்துவிடுவது இயல்பேயாகும்.

அவ்வாறு இழந்ததற்கு அடையாளம் முதலில் டயரில் தோன்றும். சக்கரத்தின் தலை உட்புறம் சாய்ந்திருந்தால் டயரின் உள்தோள் மட்டும் தேயும். சக்கரம் பயணத் திசைக்குக் கோணலாக நின்றால், தேய்ந்த ரப்பரின் மேல் கையை ஒரு திசையில் தடவும்போது வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் தடவும்போது முனை முனையாகவும் தட்டுப்படும். இக்கோணல்கள் அளவில் மிகச் சிறியவை. 42 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கர விளிம்பில் ஒரு பாகைச் சாய்வு என்பது மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே 7 மில்லிமீட்டர் வேறுபாடுதான். அதே விளிம்பில் முன்பின்னாக 3 மில்லிமீட்டர் கோணல் இருந்தால், அச்சக்கரம் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மீட்டர் பக்கவாட்டாகத் தேய்த்து இழுக்கப்படுகிறது என்று கணக்கிடலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அது 7 கிலோமீட்டர். டயர் ஏன் அற்பாயுளில் முடிகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் சக்கரம் சாய்ந்திருப்பதும் ஆர்ம் வளைந்திருப்பதும் ஒன்றல்ல. இந்த விஷயத்தில் நடைபெறும் தவறுகளில் மிகப் பெரியதும், மிக எளிதில் தவிர்க்கக்கூடியதும் இங்கேதான் நேர்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். பின்னைச் சூழ்ந்த புஷ் கிரீஸ் காணாமல் தேய்ந்து போயிருந்தால், குற்றமற்ற ஆர்மும் தன் இடத்தில் ஆடி, வளைந்த ஆர்மின் லட்சணங்கள் அனைத்தையும் காட்டும். சக்கர பேரிங் தளர்ந்திருந்தாலும் அப்படியே. சட்டத்தில் தாங்கி பொருந்தியுள்ள இடம் துருப்பிடித்து விலகியிருந்தாலும் அப்படியே. ஆகையால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, காற்றுப் பைகளை விதித்த உயரத்துக்கு நிரப்பி, சட்டத்தின் நடுக்கோட்டுக்கு இணையாக இருபுறமும் நூல் கட்டி, ஒவ்வொரு சக்கர விளிம்பின் முன்னும் பின்னும் மேலும் கீழும் அளந்து எழுதிக்கொண்ட பின்னர், சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் நெம்பி, ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று கண்டறிய வேண்டும். ஆட்டம் இருந்தால் முதலில் புஷ்ஷையும் பின்னையும் மாற்றி மறுபடியும் அளக்க வேண்டும். அதன்பிறகும் கோணல் அசையாமல் நிற்குமானால்தான் ஆர்மைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு.

கழற்றிய பின்னும் கேள்வி முடிந்துவிடுவதில்லை; வளைவு பின்னிலா, ஆர்மின் உடலிலா, ஸ்பிண்டிலிலா என்று பிரித்துக் காண வேண்டும். பின்னை லேத்தில் இரு மையங்களுக்கிடையே சுழற்றி டயல் கேஜால் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஆர்மின் துளைகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அறிய, துல்லியமாகக் கடைந்த ஒரு சோதனைத் தண்டை அவற்றினூடே செலுத்த வேண்டும். தண்டு தடையின்றிச் சென்றபின், அதையே அடிப்படை அச்சாகக் கொண்டு, சமதள மேஜையின்மேல் ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கலாம். வண்டியின் மறுபக்கத்து ஆர்ம் செம்மையாக இருந்தால் அதுவே கண்ணாடிப் பிம்பமாக ஒப்பீட்டுக்கு உதவும். ஸ்பிண்டில்தான் வளைந்தது என்று தெரிந்தால், விவாதத்துக்கு இடமே இல்லை. பேரிங்குகள் அமரும் இடத்தில் மேற்பரப்பு கடினமாகவும் பரிமாணம் மிகத் துல்லியமாகவும் இருக்க வேண்டிய அந்த உறுப்பை நிமிர்த்தவே கூடாது. அது முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும்.

இனி ஆர்மின் உடல். அது எந்த உலோகத்தால், எந்த முறையில் உருவானது என்பதை அறியாமல் அதன்மேல் பலத்தைப் பிரயோகிப்பது பெரும்பிழை. வார்ப்பினால் செய்த பொருளின் பக்கத்தில் அச்சுகள் கூடிய இடத்தில் மெல்லிய ஒரு கோடு ஓடும். அடித்து உருவாக்கிய எஃகில் அதே இடத்தில் அகன்ற பட்டையான தடம் இருக்கும். தகடுகளை மடித்து வெல்டிங் செய்ததற்கு இணைப்புத் தையலே சாட்சி. அரைவைக் கல்லில் மறைவான ஒரு மூலையைத் தொட்டால், எஃகு நீண்ட பிரகாசமான பொறிகளைத் தெறிக்கவிடும். வார்ப்பிரும்பின் பொறிகள் குட்டையாகவும் மங்கிச் சிவந்தும் இருக்கும். சாதாரண வார்ப்பிரும்பு வளையாது, உடையும். இழுபடும் தன்மையுள்ள வார்ப்பு ஓரளவு வளைந்து கொடுக்கும் என்றாலும், அவ்வாறு ஒருமுறை வளைந்ததைத் திரும்ப வளைப்பதில் அதன் எஞ்சிய பொறுமை எவ்வளவு என்பதை வெளியிலிருந்து கணிக்க இயலாது. ஆகவே வார்ப்பு ஆர்ம் வளைந்தால் மாற்றுவதே முறை.

தகட்டினால் ஆன ஆர்முக்கு வேறொரு வண்டி உதாரணம். ஜெர்மனியில் தோன்றிய வோக்ஸ்வாகன் டைப் 2 வேன், வீடெண்ப்ரூக் நகரத்து வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தின் கைவண்ணத்தால் 1950-களின் தொடக்கம் முதலே குடும்பங்களின் பயண இல்லமாக மாறியிருந்தது. 1967-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறையில் பின்சக்கரங்களைத் தாங்குவது தகட்டுப் பெட்டியாகச் செய்த ஆர்ம். பெட்டி வடிவத்தின் பலம் அதன் சுவர்கள் தட்டையாக நிற்பதைப் பொறுத்தது. ஒரு சுவர் மடிந்து சுருக்கம் விழுந்த மாத்திரத்தில் பலத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது, பின்னர் இழுத்து நேராக்கினாலும் அந்தச் சுருக்கம் மறைவதில்லை. மேலும் பெட்டியின் உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் அவ்வகை ஆர்மில் சுருக்கம் தெரிந்தால் மாற்றுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. அதிர்ஷ்டவசமாக அந்த வண்டியில் நீள்துளைகளில் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்பின் கோணலைத் திருத்தவும், முறுக்கு வில்லாக வேலை செய்யும் டார்ஷன் பாரின் ஒரு முனையில் 40 பற்களும் மறுமுனையில் 44 பற்களும் இருப்பதைக் கொண்டு ஒரு பாகைக்கும் குறைவான படிகளில் உயரத்தை மாற்றவும் வழி உண்டு. உயரம் மாறினால் சாய்வும் மாறும். வளைந்தது என்று கருதப்பட்டு அந்த வண்டிகளில் கழற்றப்படும் ஆர்ம்களில் சில, இந்தத் திருத்தத்தினாலேயே சரியாகக்கூடியவை.

எஞ்சுவது, திண்மையான எஃகினால் ஆன ஆர்ம், ஒரே இடத்தில், மெதுவான வளைவு. இங்கேதான் தயாரிப்பாளர்களும் பட்டறைக்காரர்களும் இருவேறு கட்சிகளாக நிற்கிறார்கள், இருவருக்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் கனரக வண்டிகளின் முன் ஆக்ஸிலைக் கழற்றாமலே சங்கிலியும் ஹைட்ராலிக் ஜாக்கியும் கொண்டு குளிர்ந்த நிலையில் வளைத்துக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத் திருத்துவது பல பதிற்றாண்டுகளாக நடைமுறையில் இருந்தது; 1965-இல் ஃபோர்டு நிறுவனம் தன் சிறு லாரிகளில் இரட்டை ஐ-பீம் முன்னமைப்பைக் கொண்டுவந்தபோது, அந்தப் பீமை வளைத்தே சக்கரக் கோணத்தைச் சரிசெய்தார்கள். எதிர்க்கட்சியில் ஆக்ஸில் தயாரிப்பாளர்களே நிற்கிறார்கள். குளிர்ந்த நிலையிலோ சூட்டிலோ வளைத்து நிமிர்த்துவதைத் தங்கள் பழுதுபார்க்கும் ஏடுகளில் அவர்கள் விலக்கியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் கண்ணெதிரே ஓடிய வண்டிகளைச் சாட்சியாகக் காட்டுகிறார். தயாரிப்பாளர் தம் கண்ணுக்கு எட்டாத பட்டறையில் நடப்பதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறார். வழக்கைத் தீர்க்க உலோகத்தினுள்ளே நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இரும்புக் கம்பியொன்றை வளைத்து மீண்டும் நேராக்க முயன்ற எவரும் கண்டிருப்பார்கள்: வளைந்த இடம் அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு தோன்றும். வளைந்த இடத்தில் உலோகம் கடினப்பட்டுவிட்டதே காரணம். இதனோடு வேறொரு குணமும் உண்டு. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் யோஹான் பௌஷிங்கர் 1880-களில் தம் பரிசோதனைக் கூடத்தில் நிறுவியபடி, ஒரு திசையில் நிரந்தரமாக வளைக்கப்பட்ட உலோகம் எதிர்த்திசையில் முன்னிலும் குறைந்த பலத்துக்கே இணங்கிவிடுகிறது. ஆர்மை நிமிர்த்துபவருக்கு இது முதலில் அனுகூலமாகத் தோன்றும். உண்மையில் அது பிரதிகூலமே. ஏனெனில் நிமிர்த்துவது என்பதே வண்டியின் பாரத்துக்கு எதிர்த்திசையில் வளைப்பது. நிமிர்த்தி முடித்த ஆர்ம் திரும்பவும் பாரத்தை ஏற்கும்போது, இம்முறை அந்தப் பாரமே உலோகம் எளிதில் இணங்கும் திசையாக அமைந்துவிடுகிறது. முன்பு தாங்கிய அடியைவிடச் சிறிய அடியிலேயே அது மறுபடியும் வளையும்.

அதைவிட ஆழமான தீங்கு மேற்பரப்பில் தங்கிவிடும் அழுத்தத்தில் இருக்கிறது. வளைத்து விட்டுவிட்ட எஃகில், இழுபட்ட முகத்தில் நெருக்கமும், நெருக்குண்ட முகத்தில் இழுவிசையும் நிலையாகத் தங்கிவிடும். வில் பட்டைகளைச் செய்பவர்கள் இந்த உண்மையை நன்மைக்குப் பயன்படுத்தி, வேலையில் வரும் பாரத்தின் திசையிலேயே பட்டையை ஒருமுறை அளவுக்கு மீறி அழுத்தி, இழுபடும் முகத்தில் நெருக்கத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கிறார்கள். அதிக பாரத்தினால் வளைந்த ஆர்மும் அறியாமலே அதே பேற்றைப் பெற்றிருக்கிறது. நாம் அதை நிமிர்த்தும்போது அந்த நெருக்கத்தை அழித்து, நாள்தோறும் இழுபடுகின்ற அதே முகத்தில் இழுவிசையைப் புகுத்திவிடுகிறோம். வெடிப்பு பிறப்பதற்கு இதைவிட ஏற்ற நிலம் வேறில்லை.

வெடிப்பு என்றதும், அதை ஆராயும் துறையின் சரித்திரம் ஒரு துயரத்தில் தொடங்குவதை நினைவுகூர வேண்டும். 1842 மே 8-ஆம் நாள், வெர்ஸாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் ஒன்றில் ஆக்ஸில் முறிந்து, வண்டிகள் தீப்பற்றி, கடற்பயண வீரர் தூமோன் தூர்வில் உட்படப் பலர் மாண்டனர். ஒருமுறை தாங்கும் பாரத்தைப் பல லட்சம் முறை தாங்க நேரும்போது எஃகு ஏன் முறிகிறது என்ற ஆராய்ச்சி அதன்பின்னர் வேகம் பெற்று, பிரஷ்ய ரயில்வேயைச் சேர்ந்த ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் செய்த சோதனைகளில் முதிர்ச்சி அடைந்தது. நிமிர்த்திய ஆர்ம் இன்று நேராக இருப்பதும், நேற்றுச் சோதனை ஓட்டத்தில் நன்றாக ஓடியதும், வோலரின் கேள்விக்கு விடையாகமாட்டா. அந்த ஆர்ம் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் பதில் சொல்லும்.

இத்தீங்குகளுக்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. நிமிர்த்தியபின் ஆர்மை முழுவதுமாக உலையில் வைத்து, சாதாரணக் கார்பன் எஃகாயின் 600 பாகை செல்சியஸை ஒட்டிய உஷ்ணத்தில், 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணி என்ற கணக்கில் நிறுத்தி, மெதுவாக ஆறவிட்டால், தங்கியிருந்த விசைகள் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பௌஷிங்கர் கண்ட பலவீனமும் நீங்கும். அதன்பின் சிறு எஃகுக் குண்டுகளை மேற்பரப்பில் பொழிந்து நெருக்கத்தை ஏற்றும் முறையும் உண்டு. அதன் கடுமையை அளக்க இன்றும் பயன்படும் பட்டையை வகுத்த ஜான் ஆல்மன், இந்த மோட்டார் ஹோமைப் பின்னாளில் செய்த ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவரே. பதப்படுத்திய உலோகக்கலவை எஃகாயின் அதை எந்த உஷ்ணத்தில் பதப்படுத்தினார்களோ அதற்கு மேல் சூடேற்றக் கூடாது; அந்த விவரம் கிடைக்காத ஆர்மை உலையில் வைப்பதே தகாது.

ஊதுகுழாயால் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நேராக்குவது பலருக்குச் சுலபமாகத் தோன்றும் முறை. அதை நான் முழுவதும் நிராகரிக்கிறேன். எஃகு நீல நிறம் காட்டும் 300 பாகையைச் சுற்றிய உஷ்ணத்தில் அது குளிர்ந்த நிலையைவிட எளிதில் முறியும். சுமார் 727 பாகையைக் கடந்தாலோ அதன் உள்ளமைப்பே மாறிவிடுகிறது. பகல் வெளிச்சத்தில் சிவப்பு நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றும். விபத்தில் வளைந்த பாலங்களின் எஃகு உத்தரங்களைச் சூட்டினால் நேராக்கும் கலை அமெரிக்காவில் நன்கு வளர்ந்திருப்பதும், அந்நாட்டுக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 1998-இல் அதுபற்றி நூல் வெளியிட்டிருப்பதும் உண்மையே. ஆனால் அங்கே கார்பன் எஃகுக்கு 650 பாகையே உச்சவரம்பு. தீயால் இடம் இடமாகச் சுருங்கவைத்துப் பொறுமையாகத் திருப்புகிறார்களேயன்றி, சிவந்த இரும்பை அடித்து நிமிர்த்துவதில்லை. அதை இதற்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

குளிர்ந்த நிலையில் நிமிர்த்துவதன் முறை, சொல்லச் சுருக்கமானது. செய்யப் பொறுமை வேண்டுவது. புஷ், பேரிங், சீல், பிரேக் பாகங்கள் யாவற்றையும் அகற்றி, பெயிண்ட்டையும் துருவையும் சுத்தமாக நீக்கி, முதலில் வெடிப்பு உண்டா என்று காந்தத் துகள் சோதனையால் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில், ரயில்வே பட்டறைகளின் பழைய முறைப்படி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துச் சுண்ணப்பொடி பூசினால், வெடிப்பினுள் புகுந்த எண்ணெய் வெளியேறிக் கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெடிப்பு தெரிந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். இல்லையெனில், துளைகளில் அவற்றுக்குச் சரியாகக் கடைந்த பொய்ப் பின்னைச் செருகி, துளை நசுங்காதபடி ஆர்மை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தாங்கவைத்து, வளைவின் இரு எல்லைகளிலும் தாங்கி, நடுவில் மென்மையான உலோகத் துண்டை இடையிட்டு அழுத்த வேண்டும். எஃகு எவ்வளவு அழுத்தினாலும் ஒரு பங்கு திரும்பி எழும். ஆகவே விரும்பிய நிலைக்கு அப்பால் தள்ளினால்தான் விரும்பிய நிலையில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை விடுவித்து, அளந்து, எழுதி, முந்தியதைவிடச் சற்றே கூடுதலாக அடுத்த முறை அழுத்த வேண்டும். எல்லை கடந்து மறுபுறம் வளைந்துவிட்டால், அதைத் திருப்புவது உலோகத்துக்கு மூன்றாவது வளைவு; அந்த ஆர்மைக் கழித்துவிடுவது நலம். நேரானபின் மறுபடியும் வெடிப்புச் சோதனை, பிறகே உலை. வளைந்த இடத்தின்மேல் தகடு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்தும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: பலவீனம் தகட்டின் விளிம்புக்கு நகர்ந்து, வெல்டிங் முடியும் கோட்டில் வெடிப்பாகத் திரும்பி வரும்.

வளைவு எப்படி நேர்ந்தது என்பதும் தீர்ப்பை மாற்றும். ஓரக் கல்லில் மோதி ஒரே அடியில் பக்கவாட்டாக வளைந்த ஆர்மில், நாள்தோறும் பாரம் ஏறும் திசை வேறு, வளைந்த திசை வேறு. ஆகையால் மேலே கூறிய தீங்குகள் அதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. அளவு மீறிய சுமையால் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சாய்ந்துகொண்டே வந்த ஆர்ம் அப்படிப்பட்டதல்ல. அது தன் சக்திக்கு மேற்பட்ட வேலையைச் செய்துவந்ததாகச் சாட்சியம் கூறுகிறது, அதே வண்டியில் அதே சுமைக்குத் திரும்ப அனுப்பினால் மறுபடியும் சாயும். முன்னதை மேற்சொன்ன முறைப்படி நிமிர்த்தலாம். பின்னதை மாற்ற வேண்டும், அல்லது சுமையைக் குறைக்க வேண்டும். சாய்வு ஒரு பாகைக்கும் குறைவாக இருந்து, ஸ்பிண்டில் போல்ட்டால் பொருந்திய அமைப்பாகவும் இருந்தால், அதன் அடியில் ஆப்பு வடிவான முழுத்தகட்டை வைத்துக் கோணத்தைத் திருத்துவது ஆர்மைத் தொடாமலே முடியும் காரியம். அது கிடைக்கும் இடத்தில் பிரஸ்ஸை நாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நிமிர்த்தியே தீர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர்களிடம் ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்வேன். இவ்வண்டிகள் ஒருவரிடமே இருப்பதில்லை. பழைய உறுப்புகளும் வண்டிவிட்டு வண்டி மாறுகின்றன. நிமிர்த்திய ஆர்மில் துளையின் ஓரம் போன்ற பாரம் குறைந்த ஓரிடத்தில் நாளைக் குறித்துவைத்து, வளைவின் அளவையும் செய்த சிகிச்சையையும் வண்டியின் ஏட்டில் எழுதி, வாங்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வோராண்டும் பிரேக் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றும்போது அந்த இடத்தைத் துடைத்து வெடிப்புக்குச் சோதியுங்கள்.